வெள்ளிக்கிழமைக் கோடு

“பாய், இனிமேல் வெள்ளிக்கிழமை அத்தர் பூசிக்கிட்டு மிஷின் ரூமுக்குள்ள வராதீங்க.”

சொல்லிவிட்டுக் குருநாதன் ஹமீது சுல்தானின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார். மூன்று மாதத்து வரைபடச் சுருள்கள் அங்கே விரிந்து கிடந்தன.

மண்டபம் கடற்கரையில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்துக்குக் குருநாதன்தான் தலைவர். கடல்பாசியிலிருந்து எடுத்த சத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மாட்டினால், அதில் என்னென்ன இருக்கிறது என்று மிஷின் கோடு கோடாக எழுதிக் காட்டும். குழாயில் விரல் அழுக்குப் பட்டிருந்தால் அதையும் விடாது.

வெள்ளிக்கிழமை வரைபடங்களில் மட்டும் பாசிக்குச் சம்பந்தமில்லாத சில கோடுகள் விழுந்துகொண்டிருந்தன.

சென்னையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் மிஷினை அங்கேயே எடுத்துக்கொள்வார்களாம். மிஷின் போனால் அப்புறம் கூடம் எதற்கு? பூட்ட வேண்டியதுதான்.

பம்பு பார்க்கும் பால்சாமி வாசலில் நின்று சிரித்தான். “அதானே சார்! வெள்ளிக்கிழமையானா, பாய் வாரதுக்கு முன்னாடியே அவர் வாசம் வந்து நாற்காலி போட்டு உக்காந்துக்கிடுதே.”

“ஏலே, உன் டீசல் நாத்தத்துக்கு என் அத்தர்தான் மருந்து. போய் பம்பைப் பாரு” என்றார் ஹமீது சுல்தான்.

பிறகு குனிந்து சுருள்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்து மேஜையில் நாகலெட்சுமி தலை நிமிராமல் அளவுகோலை வைத்துக் கோடுகளை அளந்துகொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு முன் தற்காலிகமாகச் சேர்ந்தவள். கூடத்தில் ஒரே பெண். தினமும் குழாயை அடைத்து மாட்டுவது அவள் வேலை. கூட நின்று வால்வைத் திருகுவது ஹமீது சுல்தான்.

“சரிங்க சார், அத்தரை விட்டுர்றேன். ஒண்ணே ஒண்ணு. வெள்ளிக்கிழமை மட்டும் குழாயை நானே அடைச்சு மாட்டுறேன். அந்தம்மா இங்கன உக்காந்து கோடு அளக்கட்டும். என் மேல தப்பிருந்தா தெளிவாத் தெரிஞ்சுபோகுமில்ல?”

சோதனை என்றால் அதுதான் முறை. குருநாதன் சம்மதித்தார்.

நான்கு வெள்ளிக்கிழமை போயிற்று. நான்கு வரைபடமும் சுத்தம்.

‘ஊழியர் ஒருவர் பூசிய அத்தரே காரணம். நீக்கப்பட்டது’ என்று குருநாதன் சென்னைக்கு எழுதினார். மிஷின் மண்டபத்திலேயே இருக்கலாம் என்று பதில் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நாகலெட்சுமியின் வேலையை நிரந்தரமாக்கும் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. கிழமையைப் பார்த்து ஆளைப் பிடித்தேனா, ஆளைப் பார்த்துக் கிழமையைப் பிடித்தேனா? ஆனால் கோடுதான் நின்றுவிட்டதே. அப்புறம் என்ன குழப்பம்? அவருக்கே விளங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பெருநாள். ஹமீது சுல்தானுக்கு விடுமுறை.

பத்து மணி இருக்கும். மிஷின் அறைக்குள் நுழைந்த குருநாதன் திடுக்கிட்டு நின்றார். அறை முழுக்க அத்தர் வாசம். புதுச் சட்டையும் தொப்பியுமாக ஹமீது சுல்தான் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்.

“பாய்! என்ன காரியம் பண்றீங்க?”

“பெருநாள் தொழுகை முடிஞ்சு நேரா ஓடியாந்தேன் சார். பூசினது மறந்தே போச்சு.”

“உங்களுக்கு லீவுதானே? நாகலெட்சுமி மாட்டிக்கிடாதா?”

ஹமீது சுல்தான் திரும்பாமல் வால்வைத் திருகினார். மிஷின் எழுதத் தொடங்கிவிட்டது. காகிதம் நகர நகரக் குருநாதன் அதன் கூடவே நகர்ந்தார். பாசியின் கோடுகள். மறுபடியும் பாசியின் கோடுகள். வேறு எதுவும் விழவில்லை.

“என்ன பாய் இது? இவ்வளவு அத்தர் இருக்கு, கோட்டைக் காணோம்?”

“பிடரியில பூசினது குழாய்க்குள்ள எப்படி சார் போகும்? விரல்ல இருந்தாத்தானே போகும்.”

குருநாதனுக்குத் தலை சுற்றியது. அத்தர் இல்லாதபோதும் சுத்தம், இருக்கும்போதும் சுத்தம். அப்படியானால் மாறியது என்ன?

குழாயை மாட்டும் கை மட்டும்தான்.

கண்ணாடிக் கதவு வழியாக அடுத்த அறை தெரிந்தது. நாகலெட்சுமி ஈரம் காயாத கூந்தலைத் தளர முடிந்திருந்தாள். நெற்றியில் விழுந்த முடியை விரலால் காதுக்குப் பின்னே ஒதுக்கினாள். அதே விரலால் அளவுகோலை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை. எண்ணெய்க் குளியல். சாம்பிராணிப் புகை. குருநாதன் வீட்டிலும் இன்று காலை அதேதான். பழகிப் பழகி அது ஒரு வாசமாகவே அவருக்குப் படவில்லை.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க அத்தரை விடச் சொன்ன அன்னைக்கே சார். தினமும் கூட நிக்கிறவன்தானே, அந்தம்மா விரல் எங்க போகுதுன்னு தெரியாதா?”

“அந்தப் பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அடுத்த நிமிஷம் உங்க முன்னாடி வந்து நின்னு ஒத்துக்கிடும். பொய் சொல்லத் தெரியாத புள்ளை.”

“சரி, என்கிட்ட ஏன் சொல்லலை? இத்தனை நாளா பழி உங்க மேல. சென்னைக்கு எழுதியே போட்டுட்டேன்!”

ஹமீது சுல்தான் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் சொன்னார்:

“என்னை அத்தரை மட்டும்தான் விடச் சொன்னீங்க சார். அந்தம்மான்னா வேலையையே விடச் சொல்லியிருப்பீங்க.”