மரக்காணத்தில் வராத ரிசர்வ்

பாலாற்றுப் பாலத்தின் நட்டநடுவில் புல்லட் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

கோபாலகிருஷ்ணன் பதறவில்லை. பெட்ரோலுக்குப் பதறுகிறவன் டூர் போகவே கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆள் அவர்.

குனிந்து பார்க்காமலேயே டேங்குக்கு அடியில் கையை விட்டார். டேப்பை மெயினிலிருந்து ரிசர்வுக்குத் திருப்பினால் போதும், அடியில் கிடக்கிற பெட்ரோலில் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். புதுப்பட்டினம் இதோ, ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும்.

டேப் திரும்பவில்லை.

குனிந்து பார்த்தார். அது ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. அடியில் கிடந்ததையும் சேர்த்து வண்டி குடித்து முடித்திருந்தது.

பின்சீட்டிலிருந்து மனைவி சகுந்தலா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

கல்பாக்கத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவருக்கு லடாக் கிறுக்குப் பிடித்திருந்தது. அடுத்த மாதம் பழைய சகாக்களோடு புல்லட்டிலேயே கிளம்புவதாக ஏற்பாடு. சகுந்தலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். முதலில் தன்னைத் திருநள்ளாறு கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். வழியில் பெட்ரோல் இல்லை என்று எங்கேயாவது நின்றால் அவர் லடாக்குக்கு ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

சனீஸ்வரன் சந்நிதியில் எள் விளக்கு ஏற்றும்போது இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினாள். அங்கேயே தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். வேறு சாமியே கிடைக்கவில்லையா மனுஷனுக்கு?

வண்டியில் மீட்டர் கேபிள் அறுந்து வருஷக்கணக்காகிறது. மாற்றவில்லை. மீட்டரைப் பார்த்து ஓட்டுகிறவனெல்லாம் ஓட்டுநரா என்பார். ஊர்ப்பெயர்தான் அவருக்குக் கணக்கு. கல்பாக்கத்தில் டேங்கை ரொப்பினால், திருநள்ளாறு போய்த் திரும்பும்போது மரக்காணத்தில் வண்டி இருமி ரிசர்வ் விழும். அங்கே பங்க் இருக்கிறது. போட்டுக்கொள்ளலாம்.

மரக்காணம் வந்தது. ரிசர்வ் விழவில்லை.

அங்கேயாவது சந்தேகப்பட வேண்டாமா? பூரித்துப்போனார். "பார்த்தியா மைலேஜை!" என்று பின்னால் திரும்பிக் கத்தினார். மரக்காணம் பங்கைத் தாண்டினார். கடப்பாக்கம் பங்கைத் தாண்டினார். கூவத்தூர் பங்க் பையன் கையை ஆட்டிக் கூப்பிட்டதுபோல்கூட இருந்தது. அதையும் தாண்டினார்.

இப்போது பாலத்தில் நின்று யோசித்தார். டேப்பை எவன் திருப்பியிருப்பான்?

மெக்கானிக் பிரவின்குமார்தான். வேறு யார்? கொஞ்ச நாளாகவே வண்டி கண்டபடி பெட்ரோல் குடிக்கிறது என்று கார்பரேட்டரைப் பிரிக்கக் கொடுத்திருந்தார். போன் போட்டுக் காய்ச்சி எடுத்தார். நான் டேப்பைத் தொடவே இல்லை சார் என்று அவன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

சகுந்தலா ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. கையுறை, மழைக்கோட்டு எல்லாம் வாங்கியாகிவிட்டது. லடாக்குக்கென்று வாங்கிய பெட்ரோல் கேன் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தது. இந்த வயதில் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சுவது அவருக்கே கேவலமாகத்தான் இருந்தது.

மீன் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அவர்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் முனிசாமி, சதுரங்கப்பட்டினத்து ஆள்.

"இன்னாம்மா, இன்னிக்கும் பெட்ரோல் போட மறந்துட்டியா?"

கோபாலகிருஷ்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகுதான் அந்தக் கேள்வி தனக்கு இல்லை என்று உறைத்தது.

முனிசாமி சாவகாசமாக இவர் பக்கம் திரும்பினார். "அம்மா வாரா வாரம் இந்த புல்லட்டுல எங்க ஊரு டச்சுக் கோட்டை வரிக்கும் சும்மா பறந்துகினு வரும் அண்ணாத்த. போன வாரம் அங்கயே வண்டி நின்னுபோச்சு. நான்தான் ரிசர்வுல போட்டு அனுப்பி வெச்சேன்."

சொல்லிவிட்டு, மீன் கெட்டுவிடும் என்று கிளம்பிப் போய்விட்டார்.

வியாழக்கிழமைதோறும் கோபாலகிருஷ்ணன் பேரனைப் பார்க்கக் கூடுவாஞ்சேரிக்குப் பஸ்ஸில் போவார். இந்த மாதிரிச் சில்லறைக் காரியங்களுக்குப் புல்லட்டை எடுப்பதில்லை என்பது அவர் கொள்கை. சாவி வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

சகுந்தலா துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொண்டாள். வண்டியை டேப் இருக்கிற பக்கமாக நன்றாகச் சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். டேங்கின் அந்தப் பக்கத்தில் தங்கிக் கிடந்த பெட்ரோல் களக் என்று இந்தப் பக்கம் வந்தது. நிமிர்த்தி ஏறி நின்று ஓர் உதை விட்டாள். வண்டி கிளம்பிவிட்டது. அவருக்கு ஒரே உதையில் அது என்றைக்குமே கிளம்பியதில்லை.

டேப்பைத் திருப்பி வைக்க மறந்தது யார் என்று அவர் நியாயம் கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு மீட்டர் கேபிளிலிருந்து ஆரம்பிக்கும்.

"அப்ப... லடாக்?" என்று மட்டும் ஈனக்குரலில் கேட்டார்.

சகுந்தலா ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்.

"நின்னுட்டா நீங்க ஓட்டிக்கிட்டுப் போகக் கூடாதுன்னுதானே சொன்னேன். பின்னாடி உக்காந்து வரக் கூடாதுன்னு எப்ப சொன்னேன்? ஏறுங்க."

கோபாலகிருஷ்ணன் ஏறி உட்கார்ந்தார்.