கன்னிமார் கரடு

பள்ளி ஆசிரியர் பிரபு நத்தம் ரோட்டில் கட்டிய புது வீட்டில், தரைக்குள்ளிருந்து கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறந்துபோன குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தால் அடங்கும் என்றார் குறி சொன்னவர்.

சிறுமலை அடிவாரத்தில் கன்னிமார் கரடு என்ற பாறைக்குன்றில் இருக்கிறது என்பதைத் தவிர, குடும்பத்தில் யாருக்கும் வழி தெரியவில்லை. கார் ஜி.பி.எஸ். கருவியில் மேடு பள்ளம் காட்டும் பழைய வரைபடத்தை ஏற்றினான் பிரபு. பாதை முடிந்த இடத்தில் கருவியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முட்புதருக்குள் நடந்தான். பொங்கல் பானையோடு பின்னால் வந்தாள் மனைவி மணிமேகலை.

"ஏங்க, இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"வந்தாச்சு. கண்ணு முன்னால கரடு நிக்கிதுன்னு காட்டுது."

கண் முன்னால் பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரும்பள்ளம்தான் கிடந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டார்கள்.

"கரட்ட உடச்சு வித்துப்புட்டாக, தம்பி. கன்னிமாருன்னு கும்பிட்ட ஏழு கல்லுந்தான் மிஞ்சிக் கெடந்துச்சு. போன வருசம் அதையும் லாரியில ஏத்திட்டாக."

"எங்க போச்சு?"

"நத்தம் ரோட்டுல யாரோ வாத்தியாரு வீட்டு அஸ்திவாரத்துக்கு."

பிரபு காரை நோக்கித் திரும்பினான்.

"ஏங்க, அப்ப பொங்கல் எங்க வைக்கிறது?" பானையோடு பின்னால் ஓடிவந்தாள் மணிமேகலை.

அவன் கருவியில் 'வீடு' என்பதைத் தொட்டான்.