முதல் கேள்வி

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க வாயே திறக்கக் கூடாது சார்."

சங்கத்தின் செயலாளர் அம்மா, காலில் விழாத குறையாகச் சொன்னார். வழக்கம்போல நடு வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேள்வி நேரத்துலயுமா மேடம்?"

"கேள்வி நேரத்துலதான்!"

"சரி மேடம்," என்றார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மாதம் ஒரு சொற்பொழிவு. கலை, பண்பாடு, சமூகம், சுதந்திரம் என்று உலகத்தில் ஒன்றையும் விட்டுவைக்காத சங்கம் அது. பேச்சாளர் உயிரைக் கொடுத்துப் பேசி முடித்து, "யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்று வாயை மூடுவதற்குள் இந்த மனிதரின் கை எழும்பிவிடும்.

கேட்பதாவது உருப்படியாக இருக்குமா? நாடு கடத்தப்பட்ட நாடகக்காரரிடம், "ஒட்டுத் தாடி வேர்வையில கழண்டு விழுந்தா என்ன பண்ணுவீங்க?" பண்பாட்டு ஆராய்ச்சியாளரிடம், "இத்தனை ஊர் சுத்துறீங்களே, சாப்பாடு ஒத்துக்குதா?" சபை கொல்லென்று சிரிக்கும். செயலாளருக்கு மானம் போகும்.

கூட்டத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை அவர் கணவருக்கு. "இன்னிக்கு என்னம்மா தலைப்பு?" என்று அப்பாவியாகக் கேட்டார்.

"கலையும் கருத்துச் சுதந்திரமும். ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஒருத்தர் வாயைப் பூட்டிட்டு ஆரம்பிக்கிறியே, பொருத்தமா இருக்கேன்னு பார்த்தேன்."

"உங்க குசும்பை வீட்டுல வச்சுக்குங்க."

செயலாளருக்கோ வேறு கவலை. இன்று பேச வந்தவர் ஓர் ஓவியர். வரைந்த படங்களுக்காகவே சொந்த நாட்டில் சிறையிருந்து, தப்பி வந்து, இந்த மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட பெண். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. மாட்டவே மாட்டேன் என்றவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார். அவரிடம் போய் ஒட்டுத் தாடிக் கேள்வி கேட்டால் தாங்குமா?

ஓவியர் பேசினார். வார்த்தை கிடைக்காத இடங்களில் நின்று, தேடி எடுத்துப் பேசினார். வீட்டுக்குள் போலீஸ் புகுந்ததையும், சுவரில் இருந்த படங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதையும் அவர் சொன்னபோது சபை மூச்சு விடவில்லை. செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

கைதட்டல் ஓய்ந்தது. "கேள்வி இருந்தா கேக்கலாம்," என்றார் செயலாளர்.

ஒரு கைகூட எழவில்லை.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். பத்திரிகைக்காரர் பேனா மூடியைத் தேடினார். இவ்வளவு பெரிய துயரத்தைக் கேட்டபின் எதைக் கேட்டாலும் அசட்டுத்தனமாகத்தானே தெரியும்? யார் முந்துவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கணவர் மைக்கை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார்.

ஓவியரின் முகம் சுருங்கிவிட்டது. செயலாளர் பக்கம் குனிந்து, "நான் பேசினது யாருக்கும் புரியலையா?" என்றார் மெதுவாக. "நான்தான் சொன்னேனே, எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுன்னு. இனிமே கூப்பிடாதீங்க." காகிதங்களை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

செயலாளரின் கண்கள் தாமாக நடு வரிசைக்கு ஓடின. மருந்துக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாராம்!

செயலாளர் மேடையை விட்டு இறங்கி, கணவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, நேராகப் போய் அவரிடம் நீட்டினார்.

"நீங்கதானே மேடம் வேண்டாம்னு..."

"புண்ணியமாப் போகும் சார். எதையாவது கேளுங்க!"

அவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏம்மா, படத்தையெல்லாம் எடுத்துட்டுப் போனாங்களே, ஆணியையாவது விட்டுட்டுப் போனாங்களா?"

சபை சிரித்தது. ஓவியரும் சிரித்துவிட்டார்.

"விட்டுட்டுத்தான் போனாங்க. எங்கம்மா அதைப் பிடுங்க விடல. வீட்டுக்கு யார் வந்தாலும், ஒவ்வொரு ஆணியையும் காட்டி, அதுல என்ன படம் இருந்துச்சுன்னு சொல்லிட்டு இருக்காங்க."

சிரிப்பு அப்படியே அடங்கியது. பேராசிரியர் கை தூக்கினார். அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பெண். அப்புறம் பத்திரிகைக்காரர். கணவருக்கு ஓடி ஓடி மூச்சு வாங்கியது. புறப்படும்போது ஓவியர், "அடுத்த தடவை புதுப் படங்களோட வரட்டுமா?" என்று தானாகவே கேட்டார்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் மருந்துக்கடைக்காரரைத் தேடிப் பிடித்தார்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சார்."

"அதனால என்ன மேடம்? முதல்ல ஒருத்தன் அசடா நின்னாத்தான் மத்தவங்களுக்கு வாய் திறக்கத் தைரியம் வரும்."

"அதுக்காக மாசா மாசம் நீங்க ஏன் சார் நாலு பேர் சிரிக்க நிக்கணும்?"

அவர் வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"வாலிப வயசுல நானும் ஒரு தடவை மேடையேறிப் பேசினேன் மேடம். பேசி முடிச்சுட்டு நின்னேன், நின்னேன்... ஒருத்தரும் வாயைத் திறக்கல. 'வெளியில மழையா?'ன்னு யாராவது கேட்டிருந்தாக்கூட, நான் இன்னொரு தடவை மேடை ஏறியிருப்பேன்."