ஆச்சியின் கஞ்சா ஓட்டு

“மகனைக் கஞ்சாவுக்கா ஓட்டுப் போடச் சொல்றே?” கடித்த சீப்புச்சீடையை மெல்லக்கூட மறந்து மனைவியைப் பார்த்தார் முருகப்பன்.

அமெரிக்காவில் போலீஸாக இருக்கும் மகன் சோமு வீடியோ காலில் சிரித்தான். கஞ்சா புகைப்பதைச் சட்டம் அனுமதிக்கலாமா என்று அவனுடைய மாநிலத்தில் ஓட்டெடுப்பு. அதற்குக் காரைக்குடி வீட்டில் இரண்டு கட்சி.

“இளசுக கெட்டுப்போகும்டி!”

“ஒளிச்சு விக்கிறப்ப மட்டும் கெடாமயா இருக்குதுக?” என்றாள் லட்சுமி ஆச்சி. “சட்டம் வந்துட்டா, சோமுகூடக் கஞ்சா பிடிக்கிற வேலைக்கு அவ போக வேண்டாம்ல. இத்தனை வருஷமா பனியில லாரி லாரியா ஏறி இறங்குறா, பாவம்.”

“வேலையில்லாட்டி அவ ஏங்கிப் போயிருவா,” என்றார் முருகப்பன்.

“ஏன் ஏங்குறா? இங்குட்டுக் கூட்டியாரச் சொல்லுவோம். அவளுக்குன்னு உப்பில்லாம தனியாச் சீடை சுட்டு வச்சிருக்கேன்.”

அவள் வீட்டு வளவு முற்றம் முழுக்க ஓடித் திரிவதை நினைத்ததும் முருகப்பனுக்கு மனசு இளகிவிட்டது.

“சரி, அவ என்ன சொல்றான்னு அவளையே கேளுப்பா.”

சோமு போனைத் திருப்பினான். கழுத்தில் போலீஸ் பட்டையோடு படுத்திருந்த மோப்ப நாய் ஸ்டெல்லா, ஆச்சியின் குரல் கேட்டதும் துள்ளி எழுந்து வாலைச் சுழற்றிச் சுழற்றி ஆட்டினாள்.

“பாத்தீகளா,” என்றாள் ஆச்சி, “அவ ஓட்டு விழுந்திருச்சு!”