குளிர் அறையில் இரண்டு மணி நேரம்

மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தின் குளிர் அறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்த அம்மாளுக்குப் பற்கள் தந்தியடித்தன.

இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு இப்படிக் குளிருதே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

நாற்பத்தோரு வருஷமாகச் சிரித்தே காலம் தள்ளியவள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், டிரைவரக்கா ஏறியாச்சு என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவளும் ஹாரன் அடித்துக் கூடவே சிரிப்பாள்.

உடம்பு இளைக்க ஓடிப் பார்த்தாள். வயிற்றைக் கட்டிப் பார்த்தாள். மாமியார் முன்னால் பாதித் தட்டோடு எழுந்தும் பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் தின்கிறாள் என்ற பேர்தான் மிச்சம்.

ஆராய்ச்சி செய்யும் மருத்துவர் வந்து அவளுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவில் எடுத்த இரண்டு படங்கள். வேறு யாரோ ஒருத்திக்குக் கழுத்தை ஒட்டி நெருப்புத் துண்டு போல ஆரஞ்சு. இவளுக்கு அதே இடத்தில் வெறும் நீலம்.

"குளிர்ந்தா சூடு பண்றதுக்குன்னே உடம்புல ஒரு கொழுப்பு இருக்கும்மா. போன வாரம் ஊசியால எடுத்துப் பார்த்தோமே, உங்களுக்கு அந்தச் செல்லுங்க எப்பவும் நெருக்கடியிலயே கிடக்குது. பயந்துபோய், எரிக்க வேண்டியதை எரிக்காம பதுக்கி வச்சுக்குது. இது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுவும் ஒரு காரணம்."

அவள் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து மருத்துவர் டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார்.

அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதை அப்படியே எழுதிக் குடுங்க டாக்டர். பதிமூணு வயசுப் பிள்ளைக்குப் புரியற மாதிரி."

மருத்துவர் யோசித்து யோசித்து, அடித்துத் திருத்தி, ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். அம்மாவை உரித்து வைத்த முகம், அதே தோள், அதே உடம்பு. இளைக்க வேண்டும் என்று நேற்றுக் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் தொடாதவள்.

காகிதத்தை வாங்கி ஒருமுறை வேகமாகப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து, விரல் வைத்து, நிதானமாகப் படித்தாள்.



மகள் அதை நாலாக மடித்துத் தன் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"இங்க கேன்டீன் எந்தப் பக்கம்மா?"