கட்டு அவிழாத மூட்டை

“நடுவுல ஒரு தடவையாவது கட்டை அவிழ்த்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க” என்றார் அதிகாரி, செருப்பைக் கழற்றும் முன்பே.

“இல்ல சார்” என்றாள் அந்த வீட்டுக்காரி.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காற்றுப் புகாத புது மூட்டையில் கட்டிவைத்தால் சோளத்தில் வண்டு விழாது என்று நாற்பது வீடுகளில் படித்துப் படித்துச் சொன்னவர் அவர். ஆறு மாதம் கழித்துத் தானே வந்து திறக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஆனால் ஆயிரம் வேலை. வந்து சேர எட்டு மாதமாகிவிட்டது. அதற்குள் முப்பத்தொன்பது வீட்டிலும் அவிழ்த்து அள்ளிச் சமைத்துவிட்டார்கள். மிச்சமெல்லாம் உளுத்து மாவாகக் கொட்டியது. வாயைக் கட்டத் தெரியாத ஜனங்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். இந்தக் கடைசி வீடும் கைவிட்டால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள்.

கணவன் மூட்டையை மூலையிலிருந்து நகர்த்தினான். அவள் கட்டை அவிழ்த்தாள். அதிகாரி முழங்கை வரை கையை விட்டு அள்ளினார். ஒரு சோளத்திலும் ஓட்டை இல்லை. ஒன்றைக் கடித்துப் பார்த்தார், கடுக்கென்றது. சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. போன வருடம் இதே வீட்டில் பாதிச் சோளம் வண்டுக்குப் போயிருந்தது.

“என் மானத்தைக் காப்பாத்திட்டீங்கம்மா” என்றார்.

எப்படித்தான் சமாளித்தீர்கள் என்று விசாரித்தார். கூலிக்குப் போனதாகவும், ஒருவேளைதான் சமைத்ததாகவும் கணவன் சொன்னான். இப்படி நாலு பேர் இருந்தால் நாடே முன்னேறிவிடும் என்று பாராட்டிவிட்டு, இருவரையும் மூட்டைக்கு இரண்டு பக்கமும் நிறுத்திப் படம் எடுக்கப் போனார். சிரித்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அவளைச் சீண்டியும் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் மூட்டை கொடுத்த அன்று எழுதிய பட்டியல் கண்ணில் பட்டது. கணவன், மனைவி, ஒன்றரை வயதுப் பெண் குழந்தை.

“பாப்பாவையும் தூக்கிட்டு வாங்க. படத்துல இருக்கட்டும்.”

“ஒருவேளைச் சாப்பாடு அவளுக்குப் பத்தல சார். நீங்க வந்து திறக்கிறவரைக்கும் பாத்துக்கச் சொல்லி, பிள்ளையில்லாத எங்கண்ணன் வீட்டுல விட்டிருந்தோம்” என்றாள் அவள். “போன வாரம் பாக்கப் போனேன். அண்ணி சேலையைப் பிடிச்சிட்டு நின்னு, என்னை அத்தைன்னு கூப்பிட்டா சார்.”