வீடு வீடாக ரோலண்ட்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று பிரிட்டன் வாக்களித்த மறுநாள் காலை. ‘விலகாதே’ என்று கிரிம்ஸ்பி நகரம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பேசிய ரோலண்ட், டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டே குமுறினார்.

"முட்டாள் ஜனங்க, பெரில்! எவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!"

மனைவி பெரில் டீ ஊற்றினாள்.

அழைப்புமணி அடித்தது. எதிரணிக்கு ஆள் திரட்டிய ட்ரெவர், கையில் கேக்கோடு நின்றார்.

"வெறுப்பேத்த வந்தியா?"

"நன்றி சொல்ல வந்தேன்ப்பா. உங்க பக்கம் இருந்தவங்க வீட்டுக்கெல்லாம் போய் அரைமணி நேரம் பாடம் எடுத்தியே, மறுநாளே எங்ககிட்ட வந்துட்டாங்க. ‘அந்த ஆளு மூஞ்சில கரியைப் பூசணும்’னு ஒரே பேச்சு!"

ரோலண்டின் முகம் சிவந்தது. "கேட்டியா பெரில்? என்மேல இருக்கற கோவத்துல நாட்டையே கவுத்திருக்காங்க! இப்படியும் மனுஷங்க இருப்பாங்களா?"

பெரில் கேக்கை வெட்டி, முதல் துண்டை ட்ரெவரிடம் நீட்டினாள்.

"அவங்க அரைமணி நேரம்தான் கேட்டாங்க, ரோலண்ட். நான் மூணு மாசமா கேட்டேன். நானும் விலகணும்னுதான் ஓட்டுப் போட்டேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்த ரோலண்ட், நாட்டின் நலன் கருதி மூடிக்கொண்டார்.